பழைய சிறு விளக்குகளை அறிவோம்

பூசையறையில் நெடுநாளாக உள்ள சிறு விளக்கின் பழமையைக் கரியும் களிம்பும் மட்டும் காட்டிவிடா. புதியதையும் அவ்வாறு தோன்றச் செய்யலாம். கை படும் தண்டும் தரையில் உரசும் அடியும் இயல்பாகத் தேய்ந்திருத்தல், கொடையாளர் அல்லது திருக்கோயிலின் பெயர் பொறித்திருத்தல் ஆகியவை நல்ல அடையாளங்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்கு எரிய 96 ஆடுகள் வழங்கப்பெற்றதை இன்று நாம் அறிவது கல்வெட்டு எழுத்தால் அன்றோ? விளக்கிலுள்ள எழுத்தும் அத்தகையதே. எனவே புளியும் மணலுமிட்டு அதனைத் தேய்த்து அழித்தலும், பழைய பித்தளையென எடைக்கு விற்றலும் ஆகா.

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த விளக்கு தொல்பொருளாகும்; தனியார் அதனை அயல்நாட்டிற்கு அனுப்புதல் குற்றம். திருக்கோயில் பெயர் தாங்கிய விளக்கு கிடைப்பின், அத்திருக்கோயிலிடமே ஒப்படைத்தல் நம் கடமை.