பொய்க் கருவியும் மெய்க் குணமும்

மாவு உருண்டையை மருந்தென்று கொடுத்தாலும் சிலருக்குத் தலைவலி தீர்ந்துவிடும் என்று தோழியர் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவ்வாற்றல் மாத்திரைக்கு மட்டுமன்று, கருவிகளுக்கும் உண்டு.

1778-இல் பாரிஸ் வந்த மெஸ்மர் என்னும் மருத்துவர், காந்த சக்தியால் நோய் தீர்ப்பதாகக் கூறினார். பெரிய மரத்தொட்டி, அதனுள் நீர்ப் புட்டிகளும் இரும்புத் தூளும், வெளியே நீட்டிய இரும்புக் கம்பிகள். கம்பியை நோயுள்ள இடத்தில் வைத்துக்கொண்டு சீமாட்டிகள் சுற்றி அமர்வார்களாம்! பலர் குணமடைந்ததாகவும் கூறினர். 1784-இல் பதினாறாம் லூயி மன்னர் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தார். லவாய்சியரும் பெஞ்சமின் பிராங்ளினும் அதில் இருந்தனர்.

பிராங்ளின் வசித்த பாஸி மாளிகைத் தோட்டத்தில், மெஸ்மரின் சீடர் டெஸ்லோன் ஒரு மரத்திற்கு மட்டும் 'காந்தம் ஏற்றினார்'. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்களைக் கட்டி மரம் மரமாக அழைத்துச் சென்றனர். நான்காவது மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். காந்தம் ஏற்றிய மரமோ அப்பால் நின்றது! கண்ணாமூச்சி ஆட்டம் போன்ற இச்சோதனையே இன்றைய ஆய்வுகளுக்கு முன்னோடி.

எல்லாம் கற்பனை என்று குழு முடித்துவிட்டது. அந்தக் கற்பனையை ஆராய்ந்தவர் நம் நாட்டவர். 1756-இல் கோவாவின் காண்டோலிம் ஊரில் பிறந்து, ரோமில் பயின்று குருப்பட்டம் பெற்ற அபே பாரியா, 1813-இல் பாரிஸில் சொற்பொழிவாற்றினார். ஆற்றல் காந்தத்திலும் இல்லை, தம்மிடத்திலும் இல்லை, நோயாளியின் மனத்திலேயே உள்ளது என்றார். பாரிஸ் எள்ளி நகைத்தது. இன்று பனாஜியில் அவருக்குச் சிலை உண்டு.

மருந்தைச் சோதிக்க அதே நிறத்தில் போலி மாத்திரை செய்துவிடலாம். கருவிக்கு என்ன செய்வது? 2017-இல் வெளியான 'ஆர்பிட்டா' என்னும் பிரிட்டிஷ் ஆய்வில், உழைத்தால் நெஞ்சுவலி காணும் 200 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு இருதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் என்னும் கம்பிவலைக் குழலைப் பொருத்தினர். மற்றவர்களுக்கு மெல்லிய குழாயைச் செலுத்தியதோடு சரி. யாருக்கு எது என்று தெரியாதிருக்க, அரை மயக்கத்தில் வைத்து, காதுகளில் இசையும் ஒலிக்கச் செய்தனர். ஆறு வாரம் கழித்து நடைத் திறனைச் சோதித்தபோது, இரு பிரிவினருக்கும் இடையே ஏற்பட்ட வித்தியாசம் சுமார் 17 விநாடியே. அது தற்செயலாகவும் நேரக்கூடியது.

ஸ்டென்ட் வீண் என்று பெற்றோர் எவரும் எண்ணிவிட வேண்டாம். மாரடைப்பின்போது அது உயிர் காக்கும் கருவி. இவ்வாய்வு அதைப் பற்றியதன்று. மேலும், 2023-இல் வந்த இரண்டாம் ஆய்வில், நெஞ்சுவலி மருந்துகளை நிறுத்தியிருந்தவர்களுக்கு ஸ்டென்ட் போலியைவிட நன்றாகவே வலியைக் குறைத்தது.

நோயாளியை இவ்வாறு ஏமாற்றுவது பாவமன்றோ? போலிச் சிகிச்சையும் கிடைக்கக்கூடும் என்று முன்னரே சொல்லி, சம்மதம் பெற்ற பின்பே சேர்க்கிறார்கள். ஆகவே அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். வேடிக்கை என்னவெனில், ஆறு வாரம் முடிந்து உண்மை தெரிந்ததும், போலிச் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டனர்.