மலையேறும் மின்சார சைக்கிள்: மோட்டாருக்கு மோட்டார் என்ன வேறுபாடு?



தோட்டங்களில் நம் பெற்றோர் பால் வெட்டிய காலத்தைச் சற்று நினைத்துக் கொள்ளுங்கள். சைக்கிளின் இரு பக்கமும் பால் வாளிகள் தொங்கும். மேட்டில் மிதிக்க முடியாது. இறங்கித்தான் தள்ள வேண்டும். பின்னாலிருந்து ஒரு பிள்ளை கைகொடுத்துத் தள்ளினால் அந்த மேடு பாதி மேடாகிவிடும். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் மின்சார மலைச் சைக்கிளில் மோட்டார் செய்வது அந்தப் பிள்ளையின் வேலைதான். மிதிப்பவர் மிதிக்க வேண்டும். மோட்டார் கூடத் தள்ளும். மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நிறுத்திவிடும்.

ஜப்பானிய யமஹா நிறுவனம் 1993ஆம் ஆண்டில் 'பாஸ்' என்னும் சைக்கிளை வெளியிட்டது. பெடலை எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்பதை ஓர் உணர்கருவி அளந்து சொல்ல, அதற்கேற்ப மோட்டார் உதவும் முறை முதன்முதலில் விற்பனைக்கு வந்தது அதில்தான். மலைப்பாதைக்கென்றே செய்யப்பட்ட மோட்டார்கள் பின்னர் வந்தவை. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 2015இலும், ஜப்பானின் ஷிமானோ 2016இலும் அவற்றை அறிமுகப்படுத்தின. ஐரோப்பாவின் மலைகளில் இந்தச் சைக்கிள்கள் இன்று சர்வ சாதாரணம். நம் நாட்டிலும் புக்கிட் கியாரா போன்ற இடங்களில் மலைச் சைக்கிள் ஓட்டுவோர் இவற்றைப் பற்றிப் பேசுகிறார்கள். விலையோ ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலையைத் தாண்டும். ஆகவே, விளம்பரத்தில் உள்ள எண்களை மட்டும் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது.

என்னோடு பணியாற்றும் ஆசிரியர் ஒருவரின் அண்ணன் அண்மையில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். சைக்கிள் ஓட்டலாம், ஆனால் நாடித்துடிப்பு ஓர் அளவைத் தாண்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவர் என்னிடம் கேட்டது இது: "சார், ஒரு மோட்டாரில் 85 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 90 என்று போட்டிருக்கிறது. எது எனக்கு நல்லது?" கேள்வி எளிதாகத் தோன்றினாலும் விடை அந்த இரண்டு எண்களிலும் இல்லை. எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் மோட்டார் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மலிவான மின் சைக்கிள்களில் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும். மலைச் சைக்கிள்களில் அது பெரும்பாலும் பெடல் அச்சில் இருக்கும். ஏன் இந்த வேறுபாடு? பெடல் அச்சில் இருக்கும் மோட்டாரின் விசை சங்கிலி வழியாகவும் கியர் வழியாகவும் சக்கரத்துக்குப் போகிறது. முன்னால் 32 பற்களும் பின்னால் 51 பற்களும் உள்ள கியரில் போனால் முறுக்கு விசை ஏறத்தாழ 1.6 மடங்கு பெருகும். அஃதாவது, பெடல் அச்சில் 85 நியூட்டன் மீட்டர் தரும் மோட்டார் சக்கரத்தில் 135 நியூட்டன் மீட்டர் தரும். சக்கரத்தின் ஆரம் 37 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், டயர் மண்ணைத் தள்ளும் விசை ஏறத்தாழ 365 நியூட்டன்.

இப்போது மேட்டைப் பார்ப்போம். ஓட்டுபவர் 75 கிலோ, சைக்கிள் 25 கிலோ, ஆக மொத்தம் 100 கிலோ. நூறு மீட்டர் போனால் பத்து மீட்டர் ஏறும் சரிவில் புவியீர்ப்பை வெல்ல 98 நியூட்டன் வேண்டும். மண் பாதையில் டயர் அழுந்தி உருளுவதற்கு ஒரு 20 நியூட்டன் சேர்த்துக் கொள்வோம். சரிவு இரு மடங்கானால் தேவை 210 நியூட்டனுக்கு மேல் போய்விடும். சக்கரத்தில் இருக்கும் மோட்டார் 40 நியூட்டன் மீட்டர் தருவதாக இருந்தால், அது தள்ளுவது 108 நியூட்டன்தான். கியர் எதுவும் அதற்கு உதவாது. முதல் சரிவில் எப்படியோ சமாளிக்கும். இரண்டாவது சரிவில் பாதிச் சுமை ஓட்டுபவரின் காலில் விழும். மேலும், அத்தகைய மேட்டில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்திற்கு 43 முறைதான் சுற்றுகிறது. அவ்வளவு மெதுவாகச் சுற்றும் மோட்டாரில் மின்சாரத்தின் பெரும்பகுதி வேலையாக மாறாமல் வெப்பமாகிவிடும். சமதரையில் கடைக்குப் போய்வர அது மிக நல்ல மோட்டார். மலைக்கு ஆகாது.

ஆகவே, மலைக்கு என்று வரும்போது பெடல் அச்சு மோட்டார்களுக்குள்தான் போட்டி. இங்கே ஓர் ஐயம் எழலாம். ஐரோப்பியச் சட்டப்படி இவை எல்லாவற்றிலும் 250 வாட் என்றுதான் அச்சிட்டிருக்கும். அப்படியானால் எல்லாம் ஒன்றுதானே? அன்று. மூட்டை தூக்கும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். நாள் முழுவதும் களைக்காமல் அவர் சுமக்கக்கூடியது ஓர் அளவு. ஒரே மூச்சில் லாரியில் தூக்கிப் போடக்கூடியது வேறு அளவு. 250 வாட் என்பது முதலாவது வகை. தொடர்ந்து ஓடும்போது உள்ள திறன் அது. சட்டம் அதைத்தான் கட்டுப்படுத்துகிறது. கூடவே, மணிக்கு 25 கிலோமீட்டரில் உதவி நின்றுவிட வேண்டும் என்கிறது. ஒரே மூச்சில் தரும் உச்சத் திறன் போஷின் மலை மோட்டாரில் 600 வாட் வரை போகும்.

இனி அந்த 85க்கும் 90க்கும் வருவோம். முறுக்கு விசையை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது; எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதும் சேர்ந்தால்தான் திறன். நிமிடத்திற்கு 60 முறை மிதிக்கும்போது 85 நியூட்டன் மீட்டர் என்பது 534 வாட். 90 என்பது 565 வாட். வேறுபாடு வெறும் 31 வாட், அதுவும் மோட்டார் முழு மூச்சில் தள்ளும்போது மட்டும். கண்ணைக் கட்டிவிட்டால் எவரும் இதைக் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். (மலைப்பாதையில் கண்ணைக் கட்டும் சோதனையை யாரும் செய்து பார்க்க வேண்டாம்.) மிதிக்கும் வேகம் 90 ஆகும்போது 600 வாட் மோட்டார் தரக்கூடியது 64 நியூட்டன் மீட்டர்தான். பெட்டியில் எழுதிய 85 அங்கே காணாமல் போய்விடுகிறது. வேகமாக மிதிக்கும் பழக்கமுள்ளவர் அந்த வேகத்தில் மோட்டார் தளராமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெதுவாக அழுத்தி மிதிப்பவருக்கு முறுக்கு விசை முக்கியம்.

நம் நண்பருக்கு இவை இரண்டையும் விட முக்கியமான எண் ஒன்று உண்டு. மிதிப்பவர் தரும் திறனைப்போல் எத்தனை மடங்கை மோட்டார் சேர்க்கிறது என்பதே அது. 2024இல் வந்த போஷ் பெர்ஃபார்மன்ஸ் லைன் சி.எக்ஸ். மோட்டாரில் இது 340 விழுக்காடு. அவர் இதயத்தைச் சிரமப்படுத்தாமல் 80 வாட் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் 272 வாட் சேர்க்கும், மொத்தம் 352. நாம் கணக்குப் பார்த்த முதல் சரிவில் மணிக்கு 10 கிலோமீட்டரை ஒட்டிப் போகலாம். இரண்டாவது சரிவில் மணிக்கு 6 கிலோமீட்டர்.

இதற்கு எதிர்ப்புறத்தில் எடை குறைந்த மோட்டார்கள் இருக்கின்றன. ஜெர்மனியின் டி.கியூ. எச்.பி.ஆர். 50 மோட்டாரின் எடை 1,850 கிராம்தான். முறுக்கு விசை 50 நியூட்டன் மீட்டர், உச்சத் திறன் 300 வாட். சத்தமே கேட்காது என்று சொல்லும் அளவுக்கு அமைதியானது. அதைப் பொருத்திய சைக்கிள் 18 கிலோவிலேயே முடிந்துவிடும். ஆனால் இந்த வகை மோட்டார்கள் பொதுவாக ஓட்டுபவரைப்போல் இரு மடங்கோடு நின்றுவிடும். அதே 80 வாட்டுக்கு 160 சேர்ந்து மொத்தம் 240 வாட். முதல் சரிவில் மணிக்கு 8 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு; குறை சொல்ல இடமில்லை. இரண்டாவது சரிவில் 4 கிலோமீட்டர் சொச்சம். அது நடைவேகம். அந்த வேகத்தில் கல்லும் வேரும் உள்ள பாதையில் சைக்கிளை நேராக நிறுத்துவதே பெரும்பாடு. தடுமாறும்போது அவரை அறியாமலேயே அழுத்தி மிதிப்பார், நாடித்துடிப்பு ஏறிவிடும். இளைஞருக்கு அது உடற்பயிற்சி. இவருக்கு அதுதான் ஆபத்து. இவருக்கு ஏற்றது கனமான வகையே என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் மிக அதிகத் திறன் உள்ளதை வாங்கிவிடலாமே என்று தோன்றும். 2024இல் சீனாவின் டி.ஜே.ஐ. நிறுவனம் அவினொக்ஸ் என்னும் மோட்டாரைக் கொண்டுவந்தது. பறக்கும் கேமராக்கள் செய்து பெயர் பெற்ற நிறுவனம் அது. எடை 2.52 கிலோ, முறுக்கு விசை 105 நியூட்டன் மீட்டர், சிறிது நேரத்திற்கு 120 வரை போகும், உச்சத் திறன் 1,000 வாட். போஷ் சும்மா இருக்கவில்லை. 2025இல் தன் மோட்டாரை 100 நியூட்டன் மீட்டருக்கும் 750 வாட்டுக்கும் உயர்த்தியது. எப்படி என்பதுதான் வேடிக்கை. உள்ளே இருந்த செம்பும் இரும்பும் மாறவில்லை. மோட்டாருக்குள் எழுதியிருந்த கட்டளைகளை மட்டும் மாற்றினார்கள்.

1,000 வாட்டும் ஓட்டுபவரின் 150 வாட்டும் சேர்ந்தால் அந்தச் செங்குத்தான இரண்டாவது சரிவில் மணிக்கு 19 கிலோமீட்டர் வேகத்தில் ஏறலாம். எதிரே நடந்து இறங்கி வருபவர் அந்த வேகத்தை எதிர்பார்க்க மாட்டார். சங்கிலியும் பற்சக்கரமும் விரைவில் தேயும். மழை பெய்த செம்மண்ணில் டயர் பிடிப்பின்றிச் சுழலும். ஆகவே, உச்சத் திறனைவிட அந்தத் திறன் எப்படி வந்து சேருகிறது என்பதே பாதையில் பெரிய வேறுபாடு. போஷ் 2017இல் கொண்டுவந்த மலைப்பாதை முறையில், மெல்ல மிதித்தால் உதவி மெல்ல வரும், அழுத்தினால் உயரும். ஈர வேரின்மேல் ஏறும்போது இதன் அருமை தெரியும். ஸ்பெஷலைஸ்டு நிறுவனமோ ஜெர்மனியின் புரோஸ் மோட்டாரை வாங்கித் தன் சொந்தக் கட்டளைகளை எழுதிப் பயன்படுத்தியது. ஒரே குடும்பத்து மோட்டார் இரண்டு சைக்கிள்களில் இரண்டு விதமாக நடந்துகொள்வதற்கு இதுவே காரணம்.

சத்தத்தைப் பற்றி ஒரு சொல். புரோஸ் மோட்டாரின் உள்ளே பல்லுக்குப் பதில் ஒரு பட்டை சுற்றுவதால் அது அமைதியாக ஓடும். போஷின் நான்காம் தலைமுறை மோட்டாரும் ஷிமானோவின் இ.பி.8 மோட்டாரும் ஏறும்போது நல்ல பிள்ளைகள். மிதிக்காமல் கரடுமுரடாக இறங்கும்போது உள்ளே பற்கள் தட்டிக் கடகடக்கும். பழுதன்று, ஆனால் காதுக்கு எரிச்சல். போஷ் அடுத்த தலைமுறையில் இதைச் சரிசெய்துவிட்டது.

பேட்டரிக் கணக்கை விட்டுவிடக் கூடாது. ஆளைக் காட்டில் நிறுத்துவது அதுதான். நம் 100 கிலோ, முதல் சரிவில், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் 500 மீட்டர் உயரம் ஏற அரை மணி நேரம் ஆகும். மொத்தம் தேவைப்படும் ஏறத்தாழ 330 வாட்டில் ஓட்டுபவர் 130 வாட் தந்தால் மோட்டார் 200 தர வேண்டும். அரை மணிக்கு 100 வாட் மணி. இழப்புகளைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 125 வாட் மணி போகும். 625 வாட் மணி பேட்டரி என்றால் இப்படி ஐந்து முறை ஏறலாம். இது தாளில் போட்ட கணக்கு. சேறு, காற்றுக் குறைந்த டயர், அடிக்கடி நின்று புறப்படுவது எல்லாம் இதைக் குறைக்கும். நம் நண்பர் 80 வாட்தான் தருகிறார்; மோட்டார் 250 தர வேண்டும்; அவருக்கு நான்கு முறைதான். நான்காவது முறை பாதியில் பேட்டரி தீர்ந்தால், பாதியிலிருந்து வீட்டுக்கு 25 கிலோ சைக்கிளைச் சொந்தக் காலால் கொண்டுவர வேண்டும். இதய நோயாளிக்கு அது விளையாட்டன்று. பாதி பேட்டரி இருக்கும்போதே திரும்பிவிடுங்கள் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு மோட்டார்களை நீங்களே ஒப்பிட விரும்பினால், ஒரே மேட்டில், ஒரே நாளில், ஒரே கியரில், டயர்களில் ஒரே அளவு காற்று வைத்து ஓட்டிப் பாருங்கள். நாடித்துடிப்புக் கடிகாரம் கட்டிக்கொண்டு ஒரே துடிப்பில் ஏறுங்கள். எவ்வளவு நேரம் ஆயிற்று, பேட்டரி எத்தனை விழுக்காடு குறைந்தது என்று குறித்துக் கொள்ளுங்கள். நாடித்துடிப்பைப் பாராமல் கடிகாரத்தை மட்டும் பார்த்தால், மோட்டார் ஏறியதா நீங்கள் ஏறினீர்களா என்று தெரியாமலே போய்விடும்.

சிங்கப்பூர் நேயர்களுக்கு ஒரு செய்தி. அங்கே உதவி மோட்டார் சைக்கிளுக்கு 250 வாட், 25 கிலோமீட்டர் என்ற வரம்புகளோடு, எடை 20 கிலோவைத் தாண்டக் கூடாது என்ற விதியும் உண்டு. 2018 முதல் பதிவு செய்து எண் பலகை மாட்டுவதும் கட்டாயம். முழுத் திறன் மலைச் சைக்கிள்கள் பெரும்பாலும் 22 கிலோவுக்கு மேல் இருப்பதால் எடையிலேயே தோற்றுவிடும். எடை குறைந்த வகைதான் தராசில் தேற வாய்ப்புள்ளது.

வெளிநாட்டில் வாங்கி விமானத்தில் கொண்டுவரலாம் என்று எண்ணுவோரும் உண்டு. பயணிகள் கொண்டுசெல்லும் லித்தியம் பேட்டரிக்கு 100 வாட் மணி வரை தடையில்லை. விமான நிறுவனத்தின் அனுமதியோடு 160 வரை கொண்டுபோகலாம். 600 வாட் மணி பேட்டரியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். சைக்கிள் வந்து சேரும், பேட்டரி வராது.