வாரம் 60 ரூபாய் பிடித்தம்: டெலிவரி தொழிலாளர்கள் கேட்காமல் விடும் பணம்!

சென்னை,

பாண்டி பஜார், அண்ணாநகர், வேளச்சேரி என்று எங்கே போனாலும் சரி. சாயங்காலம் 7 மணிக்கு பெரிய ஓட்டல் வாசலில் மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டருமாக ஒரு கூட்டம் நிற்கும். முதுகில் பை. கையில் போன். பார்சல் எப்போது வரும் என்று கண் உள்ளேயே இருக்கும்.

இவர்களிடம் வருமானவரி என்று பேச்சை எடுத்தால் சிரிப்புத்தான் வரும். "அண்ணே, வரி கட்டுற அளவுக்கு நாம எங்க சம்பாதிக்கிறோம்?" என்பார்கள்.

நியாயமான கேள்வி. ஆனால் இவர்கள் ஏற்கனவே வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்! கம்பெனியே பணத்தைப் பிடித்து, அவர்கள் பெயரில் சர்க்காருக்குக் கட்டி விடுகிறது. கட்ட வேண்டியதில்லாத வரி அது. திருப்பிக் கேட்டால் கிடைக்கும். கேட்பவர்கள்தான் குறைவு.

எப்படிப் பிடிக்கிறார்கள்?

டெலிவரி வேலை பார்ப்பவர் சம்பளக்காரர் அல்ல. கம்பெனி அவரை 'பார்ட்னர்' என்கிறது. சட்டம் அவரை ஒப்பந்தத்துக்கு வேலை செய்யும் சுயதொழிலாளராகப் பார்க்கிறது. போனஸ் இல்லை, பிராவிடண்ட் பண்டு இல்லை. ஒப்பந்தக்காரருக்கு உள்ள 1 சதவீத வரிப் பிடித்தம் மட்டும் இவருக்கும் உண்டு. ஆண்டில் மொத்தம் ரூ.1 லட்சத்துக்கு மேல் போனாலே பிடித்தம் வந்து விடும்.

வாரம் 6 ஆயிரம் ரூபாய் எடுக்கும் ஒருவரை வைத்துக் கணக்குப் போடுவோம். வாரம் 60 ரூபாய் போகிறது. ஒரு பிரியாணி காசு கூட இல்லை என்று விட்டு விடுவார். ஆனால் 52 வாரத்தில் அவர் எடுத்தது ரூ.3 லட்சத்து 12 ஆயிரம். பிடித்தது ரூ.3,120.

பான் கார்டு கொடுக்காதவர் நிலைமை இன்னும் மோசம். அவருக்கு 20 சதவீதம் பிடிக்க வேண்டும் என்கிறது சட்டம். பான் கார்டு இருந்தும் ஆதாருடன் இணைக்காமல் அது செயலிழந்து போனவருக்கும் இதே கதிதான். மேலே சொன்ன கணக்கில் ரூ.62,400! இரண்டு மாதத்துக்கு மேலான உழைப்பு அப்படியே போய் விடும்.

வரி எவ்வளவு?

பூஜ்யம். 2025-26 நிதியாண்டில் புதிய வரித் திட்டப்படி ரூ.4 லட்சம் வரை வரியே கிடையாது. ரூ.12 லட்சம் வரை உள்ள தொழில் வருமானத்துக்கும் தள்ளுபடி போக வரி இல்லை. அதற்கு முந்தைய 2024-25-ல் இந்த வரம்பு ரூ.7 லட்சம்.

ஆக, அந்த ரூ.3,120-ம் உழைத்தவர் பணம். ஆனால் தானாகத் திரும்பி வராது. வருமானவரித் துறையின் இணையதளத்தில் கணக்கு தாக்கல் செய்து கேட்க வேண்டும். தனக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்பதை அதே தளத்தில் '26-ஏ.எஸ்.' என்ற படிவத்தில் பார்த்துக்கொள்ளலாம். கட்டணம் கிடையாது.

தாக்கல் செய்வதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சம்பளக்காரர்களுக்கான படிவத்தை நிரப்பி, ரூ.75 ஆயிரம் நிலையான கழிவையும் எழுதி விடுகிறார்கள். அது இவர்களுக்குப் பொருந்தாது. 2025-26 கணக்குக்கு சிறுதொழில் செய்பவரின் படிவம் 'சுகம்' எனப்படும் ஐ.டி.ஆர்.-4. இதில் பெட்ரோல் பில், டயர் பில் எல்லாம் சேர்த்து வைக்க வேண்டியதில்லை. வங்கி வழியாக வந்த வரவில் குறைந்தது 6 சதவீதத்தை லாபம் என்று காட்டினால் போதும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. 6 சதவீதம் என்பது குறைந்த அளவு. உண்மையில் அதற்கு மேல் மிஞ்சினால், மிஞ்சியதைத்தான் எழுத வேண்டும். ரூ.3.12 லட்சத்தில் 6 சதவீதம் ரூ.18,720. ஒரு வருஷம் முழுக்க வெயிலிலும் மழையிலும் ஓடியவன் 18 ஆயிரம்தான் சம்பாதித்தேன் என்று எழுதிக் கொடுத்தால் எந்த வங்கி வண்டிக் கடன் கொடுக்கும்?

பெட்ரோலுக்கு வருஷம் 60 ஆயிரம், வண்டி ரிப்பேர், போன் செலவு 30 ஆயிரம் என்று கழித்தாலும் ரூ.2.22 லட்சம் நிற்கிறது. அதை எழுதினாலும் வரி பூஜ்யம்தானே! குறைத்து எழுதி என்ன லாபம்?

விபத்து நடந்தால்...

கடனை விடுங்கள். ராத்திரி 11 மணிக்கு மவுண்ட் ரோட்டில் லாரி மோதி ஒருவர் போய் விட்டால், குடும்பம் நஷ்டஈடு கேட்டு கோர்ட்டுக்குப் போகும். சென்னையில் இது சிறு வழக்குகள் கோர்ட்டு. "மாதம் 18 ஆயிரம் கொண்டு வந்து கொடுப்பாருங்க" என்று மனைவி சொல்லுவாள். "ஆதாரம் எங்கே?" என்பார் இன்சூரன்ஸ் வக்கீல். சரியான ஆதாரம் இல்லையென்றால் கோர்ட்டு உத்தேசமாக ஒரு தொகையை வைத்துக்கொள்ளும்.

வருமானவரிக் கணக்கு சட்டப்படியான ஆவணம், அது இருந்தால் அதை வைத்தே வருமானத்தை நிர்ணயிக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2019 டிசம்பரில் ஒரு விபத்து வழக்கில் கூறியது. அந்தக் காகிதத்தில் ரூ.18,720 என்று இருந்தால், அதுவே குடும்பத்துக்கு வினை.

புரோக்கர்கள் ஜாக்கிரதை!

"பெரிய ரீபண்டு வாங்கித் தர்றேன், எனக்குப் பங்கு கொடு" என்று வாட்ஸ்அப்பில் வலை வீசும் கூட்டம் ஒன்று இருக்கிறது. கொடுக்காத நன்கொடை, போடாத இன்சூரன்ஸ், இல்லாத வீட்டு வாடகை எல்லாவற்றையும் கணக்கில் ஏற்றி விடுவார்கள். 2025 ஜூலை 14-ந் தேதி வருமானவரித் துறை இப்படிப்பட்ட ஆசாமிகளைக் குறிவைத்து நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. தமிழ்நாடும் அதில் உண்டு. பொய்க் கணக்கு என்று தெரிந்தால், ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் வரலாம். நோட்டீஸ் வருவது பான் கார்டுக்காரருக்கு. புரோக்கர் போனை அணைத்து விடுவான்.

வரிப் பிடித்தத்தைத் திரும்பக் கேட்க புரோக்கரே தேவையில்லை. தாக்கல் செய்து 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் உறுதி செய்ய வேண்டும். இதை மறந்தால் கெடுவுக்குள் போட்ட கணக்கும் கெட்டு விடும். பணம் வர வேண்டிய வங்கிக் கணக்கும் அந்தத் தளத்தில் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

கெடு தவறினால், 2025-26 கணக்கை 2026 டிசம்பர் 31 வரை தாக்கல் செய்யலாம். மொத்த வருமானம் அடிப்படை வரம்புக்குள் இருந்தால் தாமதக் கட்டணமும் இல்லை.

அதற்கும் பிந்திய பழைய பாக்கிக்கு ஒரு வழி உண்டு. தாமதத்தை மன்னிக்கும்படி வருமானவரி கமிஷனருக்கு மனு போட வேண்டும். 2024 அக்டோபர் 1-ந் தேதி வெளியான சுற்றறிக்கைப்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 வருஷத்துக்குள் இப்படிக் கேட்கலாம். தாமதத்துக்கு உண்மையான காரணம் காட்ட வேண்டும். இந்த வழியில் வரும் பணத்துக்கு வட்டி கிடையாது. அசல் மட்டும் வரும்.