வெள்ளையும் கறுப்பும் ஒரே சூட்டுக்கு

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், டல்லஸ் விமான நிலையத்தை ஒட்டி ஸ்மித்சோனியனின் உட்வார்-ஹேஸி மையம் இருக்கிறது. அதன் பெரிய கூடத்தில் நுழைந்ததும் கண்ணில் படுவது எஸ்ஆர்-71 பிளாக்பேர்ட் என்ற வேவு விமானம். 1990 மார்ச் 6 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பக்கமிருந்து வாஷிங்டன் வரை 64 நிமிடம் 20 விநாடியில் பறந்து, அந்தப் பயணத்தோடேயே ஸ்மித்சோனியனிடம் வந்து சேர்ந்தது. அதே கூரையின் கீழ் ஏர் பிரான்ஸின் கான்கார்ட் பயணிகள் விமானமும் நிற்கிறது. பிளாக்பேர்ட் ஒலியைப்போல் மூன்று மடங்குக்கும் மேலான வேகத்தில் பறந்தது. கான்கார்டுக்கு இரண்டு மடங்கு. ஒன்று கன்னங்கரேல், மற்றது பளீர் வெள்ளை. சூட்டைச் சமாளிக்கத்தான் இரண்டுக்குமே அந்த நிறம்!

விமானத்துக்கு அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? காற்று உரசுவதால் என்று சொல்லிவிடுவோம். அதில் பாதி உண்மைதான். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதி சுடுகிறதே, அதுதான் முக்கியமான காரணம். ஒலியைவிட வேகமாக வரும் விமானத்துக்கு வழிவிட முன்னால் உள்ள காற்றுக்கு நேரம் கிடைப்பதில்லை. அது நசுங்கிச் சூடேறுகிறது. வெளியே மைனஸ் 57 டிகிரி குளிர் இருந்தாலும் கான்கார்டின் மூக்கு 127 டிகிரி செல்சியஸைத் தொடும். பிளாக்பேர்டின் மேல்தோல் பல இடங்களில் 260 டிகிரியைத் தாண்டும். விமானிகள் உணவுக் குழாயைக் கண்ணாடியோரம் பிடித்துச் சூடாக்கிக்கொள்வார்களாம்.

இனி நிறத்துக்கு வருவோம். சூடான எந்தப் பொருளும் வெப்பத்தைக் கதிராக உமிழும். வெப்பநிலை கூடக்கூட அந்த உமிழ்வு, கெல்வின் அளவில் அதன் நான்காம் அடுக்கில் எகிறும். நல்ல உமிழ்திறன் உள்ள ஒரு சதுர மீட்டர் பரப்பு, 100 டிகிரியில் சுமார் 1,100 வாட் வெப்பத்தை வெளியேற்றும். அந்த உயரத்தில் நேராக விழும் வெயிலும் ஏறக்குறைய அதே அளவுதான். கான்கார்டுக்கு வெயில் அலட்சியப்படுத்தக்கூடிய விஷயமில்லை. அது அலுமினியக் கலவையால் ஆனது. சூடு கொஞ்சம் கூடினாலும் வலு குறையும். வெயிலைத் திருப்பியனுப்பி, தன் வெப்பத்தையும் உமிழ்ந்துவிடும் வெள்ளைப் பூச்சுதான் அதற்குத் தோது. 1996-இல் பெப்சி விளம்பரத்துக்காக ஒரு கான்கார்டின் உடலுக்கு நீலம் பூசினார்கள். இறக்கைக்குள் இருந்த எரிபொருள் சூடாகிவிடும் என்று இறக்கைகளை மட்டும் வெள்ளையாகவே விட்டார்கள். அந்தக் கோலத்தில் முழு வேகத்தில் 20 நிமிடத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. அந்த விமானம் இப்போது பழையபடி வெள்ளையாகி, பாரிஸ் அருகே லெ பூர்ஜே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

300 டிகிரியில் கணக்கே வேறு. அதே சதுர மீட்டர் இப்போது 6,000 வாட்டுக்கும் மேல் உமிழும். அதற்கு முன்னால் வெயில் சில்லறை. பிளாக்பேர்டுக்கு வேண்டியது உமிழ்திறன் மட்டுமே. வெறும் டைட்டானியத்துக்கோ அது மிகக் குறைவு. ஆகவே கறுப்புப் பூச்சு. அந்த டைட்டானியத்தின் கணிசமான பகுதி, எந்த நாட்டைக் கண்காணிக்க வேவு விமானம் கட்டினார்களோ அதே சோவியத் யூனியனிலிருந்து, இடைத்தரகு நிறுவனங்கள் வழியாக வந்தது. நாவலில் எழுதினால் நம்பமாட்டோம்.

சூடானால் உலோகம் விரியும். பிளாக்பேர்டின் இறக்கையில் தெரியும் நெளிகோடுகள், தகடு வளைந்து கோணாமல் விரிவதற்காக வைத்தவை. அதன் எரிபொருள் தொட்டிக்குத் தனிச்சுவர் கிடையாது. விமானத்தின் தோலே சுவர். இப்படிச் சூடேறி ஆறி, விரிந்து சுருங்கும் உலோகத்தின் இணைப்புகளைக் காலமெல்லாம் அடைத்து வைக்கும் பசை கிடைக்கவில்லை. அதனால் தரையில் நிற்கும்போது எரிபொருள் சொட்டும். இது ஆபத்தாகத் தோன்றும். ஆனால் ஜேபி-7 என்ற அந்த எரிபொருளில் எரியும் தீக்குச்சியைப் போட்டாலும் பற்றாது. இன்ஜினை முடுக்கவே, காற்றுப் பட்டால் தானே எரியும் டிரைஎத்தில் போரேன் தேவைப்பட்டது. பறக்கும்போது இன்னொரு வேலையும் அதே எரிபொருளுக்கு: உள்ளே இருக்கும் கருவிகளின் சூட்டை வாங்கிக்கொண்டு போய் இன்ஜினில் எரிவது.

ஆக, அருங்காட்சியகத்தில் நாம் பார்ப்பது இந்த விமானங்களின் சுருங்கிய வடிவம். பறக்கும் கான்கார்ட் 15 முதல் 25 சென்டிமீட்டர் வரை நீளும். விமானப் பொறியாளர் முன்னால் இருக்கும் கருவிப் பலகைக்கும் பின்சுவருக்கும் நடுவே அப்போது ஓர் இடுக்கு விழும், குளிர்ந்ததும் மூடிக்கொள்ளும். விடைபெறும் பயணங்களில் பொறியாளர்கள் சிலர் தங்கள் தொப்பியை அந்த இடுக்கில் செருகிவிட்டார்கள். இன்று சியாட்டிலில் இருக்கும் கான்கார்டில் அப்படிச் சிக்கிய தொப்பியை யாரோ திருடப் பார்த்தார்கள். இழுத்தால் வருமா? வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதியை வெட்டி எடுத்துப் போனார்கள். திருப்பித் தந்தால் நடவடிக்கை இல்லை என்று அறிவித்த பிறகு, அந்தப் பாதி திரும்பி வந்தது.