ஒராங்குட்டானும் நீர்நாயும் ஒரே இடத்தில்... உயிரியல் பூங்காக்களில் இது எப்படி சாத்தியம்? ஆபத்து எங்கே?

பெல்ஜியத்தின் பைரி டைசா உயிரியல் பூங்காவில் இருந்து 2020-ல் வந்த படங்கள் ஞாபகம் இருக்கா? ஆற்றங்கரையில் ஒரு ஒராங்குட்டான் குடும்பம் உட்கார்ந்திருக்கும். தண்ணீருக்குள் இருந்து நீர்நாய்கள் எட்டிப் பார்க்கும். 'என்ன ஒரு ஃப்ரெண்ட்ஷிப்!' என்று சமூக வலைதளங்களில் படங்கள் பறந்தன.

ஆனா, அது தற்செயலாக நடந்த சந்திப்பு இல்லை. ஒராங்குட்டான்கள் இருக்கும் பகுதி வழியாக ஓடும் ஆற்றில் நீர்நாய்களை விட்டது பூங்கா நிர்வாகம்தான். இப்படி வெவ்வேறு இன விலங்குகளை ஒரே வளாகத்தில் வைத்து வளர்ப்பதை 'மிக்ஸ்டு எக்சிபிட்' என்கிறார்கள்.

எதுக்காக சேர்த்து வைக்கணும்?

முக்கியக் காரணம், போரடிப்பதுதான். ஒராங்குட்டான் நல்ல புத்திசாலி. தினமும் அதே சுவர், அதே கயிறு, அதே நேரத்துக்குச் சாப்பாடு என்றால் அது சோர்ந்துவிடும். அடைபட்ட விலங்குகள் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீங்க. அடுத்து என்ன செய்யும் என்று கணிக்க முடியாத ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இருந்தால், நாள் முழுக்கப் பார்க்க ஏதோ ஒன்று இருக்கும்.

காட்டிலும் இந்தக் கூட்டணி உண்டு. லங்கூர் குரங்குகள் மரத்தில் இருந்து உதிர்க்கும் இலைகளையும் பழங்களையும் கீழே புள்ளிமான்கள் சாப்பிடும். புலி வந்தால், யார் முதலில் பார்த்தாலும் குரல் கொடுக்கும். இரண்டு கூட்டமும் உஷாராகிவிடும்.

மாடி வீடு, கீழ் வீடு

சேர்த்து வைப்பதில் உள்ள சூட்சுமம், உண்மையில் பிரித்து வைப்பதுதான். நடுவில் கம்பி இல்லை, அவ்வளவுதான். பொதுவாக ஒராங்குட்டான்கள் நீந்துவதில்லை. அதனால் பைரி டைசாவில் தண்ணீர் நீர்நாயின் ராஜ்ஜியம், மேலே உள்ள கயிறுகள் ஒராங்குட்டானுடையவை. விருப்பம் இருந்தால் கரையில் சந்திக்கலாம்.

சுவிட்சர்லாந்தின் சூரிச் பூங்காவில் 2003-ல் திறக்கப்பட்ட மசோலா கூடமும் இப்படித்தான். சுமார் 11,000 சதுர மீட்டரில் மடகாஸ்கர் மழைக்காட்டையே உள்ளே வளர்த்திருக்கிறார்கள். மரத்தில் லெமூர், தரையில் ராட்சத ஆமை, இருட்டினால் பழந்தின்னி வௌவால். சிங்கப்பூர் பூங்காவில் ஹமாட்ரியாஸ் பபூன் குரங்குகளும் நூபியன் ஐபெக்ஸ் ஆடுகளும் ஒரே பாறைச் சரிவில் இருக்கும். ஐபெக்ஸ் செங்குத்தான பாறையிலும் ஏறிவிடும், அதுதான் அதன் தப்பிக்கும் வழி.

வண்டலூரில் சிங்கம், புலிக்கும் நமக்கும் நடுவே அகழி இருக்கும் இல்லையா? அந்த யோசனையைப் பிரபலமாக்கியவர் ஜெர்மனியின் கார்ல் ஹாகன்பெக். 1907-ல் ஹாம்பர்க்கில் அவர் திறந்த பூங்காவில், சிங்கமும் அதன் இரையும் ஒரே வெளியில் உலவுவது போலத் தெரியும். நடுவில் இருந்த அகழி பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. அது கண்கட்டு வித்தை. இப்போது நிஜமாகவே சேர்த்து வைக்கிறார்கள், அதனால் ரிஸ்க்கும் நிஜம்.

சண்டை வராதா?

வரும். வரிக்குதிரை சாதுவாகத் தெரியும். ஆனா ஆண் வரிக்குதிரை, உடன் இருக்கும் மான் இனங்களின் பிறந்த குட்டிகளைத் துரத்தி மிதித்துக் கொல்வது பூங்கா ஊழியர்களுக்குப் பழகிய பிரச்னை. அதனால்தான் பாறைகளையோ மரக்கட்டைகளையோ நெருக்கி அடுக்கி, சின்ன விலங்கு மட்டும் நுழையும் இடைவெளிகள் விடுகிறார்கள். புது விலங்கு வந்தால் முதலில் வாசனை, அப்புறம் கம்பி வலை வழியாக அறிமுகம், கடைசியில்தான் நேரடி சந்திப்பு. பலவீனமான விலங்கை முன்கூட்டியே விட்டு, எங்கே ஒளியலாம் என்று பழக விடுவார்கள்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

சண்டையைக் கூட பார்த்துத் தடுக்கலாம். நோயை அப்படித் தடுக்க முடியாது.

தென் அமெரிக்காவின் அணில் குரங்கும் மார்மோசெட் குரங்கும் ஒரே கண்டத்து விலங்குகள், சேர்த்து வைத்தால் அழகாக இருக்கும். ஆனா அணில் குரங்கின் உடம்பில் சாதுவாக இருக்கும் ஒரு ஹெர்பிஸ் வைரஸ், மார்மோசெட்டுக்குப் போனால் உயிரைப் பறிக்கும் புற்றுநோயாக மாறும். 'ஒரே ஊர்க்காரங்கதானே' என்ற கணக்கு இங்கே எடுபடாது.

ஆப்பிரிக்க வில்டபீஸ்ட்டிடம் உள்ள இன்னொரு வைரஸ் அதை ஒன்றும் செய்யாது. மாட்டுக்கும் பல மான் வகைகளுக்கும் தொற்றினால் பிழைப்பது கஷ்டம். வில்டபீஸ்ட் கன்று ஈனும் காலத்தில், மசாய் மக்கள் தங்கள் மாடுகளை அந்தப் பக்கமே ஓட்ட மாட்டார்கள்.

சேர்த்து வைக்காமலே கூட விபரீதம் நடந்திருக்கிறது. ஜெர்மனியின் வுப்பர்டால் பூங்காவில் 2010-ல் ஜெர்கா என்ற பெண் பனிக்கரடி மூளை பாதித்து இறந்தது. காரணம், வரிக்குதிரைகளோடு தொடர்புடைய ஹெர்பிஸ் வைரஸ் என்று ஆய்வில் தெரிந்தது. அங்கே வரிக்குதிரைகள் இருந்தது வேறு வளாகத்தில்! ஒரே தண்ணீர்த் தொட்டியைப் பகிரும் விலங்குகளுக்கு ஆபத்து எவ்வளவு என்று யோசித்துப் பாருங்க.

சாப்பாடும் விஷமாகலாம். டாமரின் போன்ற தென் அமெரிக்கக் குரங்குகளின் உணவில் வைட்டமின் டி3 அதிகம் சேர்ப்பார்கள், அவற்றுக்கு அது தேவை. மேலிருந்து சிந்துவதைக் கீழே அகூட்டி என்ற கொறித்துண்ணி பொறுக்கித் தின்னும். இப்படி டி3 அளவு மீறி, உடல் திசுக்களில் கால்சியம் படிந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட அகூட்டிகளைப் பற்றி பூங்கா கால்நடை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இடம் பத்தவில்லை என்பதற்காக இரண்டு இனங்களை ஒரே கூண்டில் தள்ளினால், அது மிக்ஸ்டு எக்சிபிட் இல்லை, வெறும் நெரிசல். சேர்த்து வளர்க்க அதிக இடமும் அதிக ஆட்களும் வேண்டும். தீனி தனித்தனி இடத்தில், ராத்திரி தங்கல் பெரும்பாலும் தனித்தனி அறையில். குட்டி ஈனும்போதும், ஆண்கள் இணை தேடும் பருவத்திலும் பிரித்துவிடுவார்கள். போர்டில் இரண்டு பெயர் இருந்து, உள்ளே ஒரு விலங்கு மட்டும் தெரிந்தால் ஏமாந்து போகாதீங்க. இன்னொன்று பின்னறையில் குட்டியோடு இருக்கலாம்.