கிட்டாருக்கும் தாகம் எடுக்கும்

1818-ஆம் ஆண்டு டிசம்பர் 24. ஆஸ்திரியாவில் ஸால்ஸ்பர்க் நகருக்கு அருகே உள்ள ஓபர்ன்டார்ஃப் என்னும் சிற்றூர். அங்கிருந்த புனித நிக்கோலாஸ் ஆலயத்தில், இன்று உலகமெங்கும் ‘ஸைலண்ட் நைட்’ என்று அறியப்படும் கிறிஸ்துமஸ் கீதம் முதன்முறையாக ஒலித்தது. பாடலை எழுதியவர் அருட்தந்தை யோசேப் மோர். இசையமைத்தவர் பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் குரூபர். அன்று துணைக்கு வாசிக்கப்பட்டது ஒரு கிட்டார். மோர் அடிகளாரின் கிட்டார் இருநூறு ஆண்டுகளைக் கடந்து, இன்றும் ஹல்லைன் நகர அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

எங்கள் பாடகர் குழுவின் கிட்டாரோ ஆறே ஆண்டுகளில் வெடித்துவிட்டது!

கிறிஸ்துமஸ் கீதப் பவனிக்காக நான்கு இரவுகள் பனியில் ஊரைச் சுற்றிவிட்டு, நள்ளிரவுத் திருப்பலியிலும் வாசித்துவிட்டு, மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இசையறையில் பீரோவின் மேல் அதை வைத்தோம். ஜனவரி கடைசியில் எடுத்துப் பார்த்தால் முன்பலகையில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. கடைசியாக அதைத் தூக்கிச் சென்றவள் எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி. “நீதான் கீழே போட்டிருப்பாய்” என்றோம். அவள் அழுதாள். அழுததையே குற்றத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டோம்.

இரண்டு நாள் கழித்து, பெஞ்சு பழுது பார்க்க வந்த ஆசாரி கிட்டாரைக் கையில் வாங்கி, வெடிப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “விழுந்த அடின்னா ஓரம் நசுங்கியிருக்கும்ங்க சிஸ்டர். இது ரேகை வாக்கிலே நேரா ஓடியிருக்குது. காஞ்சு வெடிச்சதுங்க” என்றார். எங்கள் எல்லோருக்கும் முகம் சுண்டிவிட்டது. மரம் ஏன் காய்ந்தது, காய்ந்தால் ஏன் வெடிக்கிறது என்று அதன் பிறகுதான் தேடிப் படித்தோம். படித்ததையே இங்கே எழுதுகிறோம்.

நூலும் மரமும் ஒரே சாதி

இது திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும் விஷயம். எங்களில் பலருடைய பெற்றோர் பனியன் கம்பெனிகளிலும் நூற்பாலைகளிலும் வேலை செய்கிறார்கள். காற்று வறண்ட நாளில் நூல் அடிக்கடி அறும் என்பது அவர்களுக்குத் தெரிந்த கதை. பருத்தி இழை காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும் பொருள். 100 கிலோ முற்றிலும் உலர்ந்த பருத்திக்கு 8.5 கிலோ நீர் இயல்பான ஈரம் என்று வணிகத்திலேயே கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த ஈரம் குறைந்தால் இழை வலுவிழக்கும். அதனால்தான் நூற்பாலைகளில் காற்றுக்கு நீர்த்திவலை ஊட்டும் இயந்திரங்கள் ஓடுகின்றன. ‘ஏர் கண்டிஷனிங்’ என்ற சொல்லே துணி ஆலையில் பிறந்ததுதான். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆலைகளுக்கு ஈரப்பதம் ஊட்டும் ஏற்பாடுகளைச் செய்துவந்த ஸ்டூவர்ட் கிராமர் என்ற பொறியாளர் 1906-இல் அதை உருவாக்கினார்.

பருத்தியும் செல்லுலோஸ், மரத்தின் பெரும்பகுதியும் செல்லுலோஸ். ஆகவே கிட்டாரும் காற்றிலிருந்து ஈரம் குடிக்கிறது, காற்று வறண்டால் ஈரத்தை இழக்கிறது. வெளிப்புறம் வார்னிஷ் பூசியிருந்தாலும் உட்புறம் வெறும் மரம்தானே!

காற்றின் கணக்கு

“மார்கழி, தை மாதங்களில் பனி பெய்கிறதே, காற்று எப்படி வறளும்?” என்று நாங்களும் கேட்டோம். விடை இயற்பியல் பாடத்தில் இருக்கிறது. சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரி செல்சியஸில் சுமார் 17 கிராம் நீராவியையும், 38 டிகிரியில் சுமார் 46 கிராமையும் தாங்க வல்லது. விடியற்காலை 20 டிகிரியில் காற்றில் 15 கிராம் நீராவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஈரப்பதம் ஏறத்தாழ 88 சதவீதம். அதே காற்று மதியம் கூரையின் கீழ் 38 டிகிரிக்குச் சூடேறினால், அதே 15 கிராம் வெறும் 33 சதவீதம்தான். ஒரு துளி நீரும் வெளியேறவில்லை; ஆனாலும் காற்றுக்குத் தாகம் எடுத்துவிட்டது. அந்தத் தாகத்தை அது மரத்திடம் தீர்த்துக்கொள்கிறது.

குளிர் நாடுகளிலும் இதே கதைதான். வெளியே 0 டிகிரியில் உள்ள காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும் 5 கிராம் நீராவிதான் தாங்கும். கணப்பு மூட்டிய வீட்டுக்குள் அது 20 டிகிரிக்கு வந்ததும் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அங்கே கணப்பு செய்கிற வேலையை இங்கே நம் கூரை செய்கிறது. பிறகு ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாம் தலைகீழ். காற்றில் ஈரம் மிகுந்துவிடும்.

வெடிப்பு எப்படி வருகிறது?

மரம் ரேகையின் நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். கிட்டாரின் முன்பலகை சுமார் 3 மில்லிமீட்டர் கனமே உள்ள மெல்லிய பலகை. 38 சென்டிமீட்டர் அகலமுள்ள அந்தப் பலகை, நல்ல ஈரத்திலிருந்து கடும் வறட்சிக்குப் போகும்போது 3 மில்லிமீட்டர் வரை சுருங்கப் பார்க்கும். ஆனால் அதன் உட்புறத்தில் தாங்கு சட்டங்கள் குறுக்கே ஒட்டப்பட்டிருக்கின்றன. விளிம்பும் சுற்றிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. சுருங்க வழியில்லாத பலகை ரேகையோடு பிளந்துகொள்கிறது. ஆறு எஃகுக் கம்பிகளின் இழுவிசை சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ என்பதையும் நினைத்துப் பாருங்கள்!

ஒட்டுப்பலகைக் கிட்டாரில் அடுக்குகளின் ரேகை மாறி மாறி இருப்பதால் அது சற்றுத் தாங்கும். முழுப்பலகைக் கிட்டார் நாதத்தில் சிறந்தது, தாகத்திலும் முதன்மையானது.

வெடிப்புக்கு முன்பே கிட்டார் நம்மிடம் முறையிடுகிறது. மரம் சுருங்க, உலோகப் படிகள் சுருங்காமல் நிற்பதால் அவற்றின் முனைகள் கழுத்தின் ஓரத்தில் நீட்டிக்கொண்டு கையைக் கீறும். முன்பலகை உள்வாங்கிக் கம்பிகள் ‘ஜிர்’ரென்று இரையும். மாறாக ஈரம் மிகுந்தால் பலகை உப்பும், கம்பி உயர்ந்து விரல் வலிக்கும், நாதம் மந்தமாகும். எங்கள் கிட்டாரும் தையில் விரலைக் கீறியது. நாங்கள்தான் கவனிக்கவில்லை.

நாம் செய்யக் கூடியவை

கிட்டாருக்கு உகந்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். அதை அளந்து அறிவது முதல் வேலை. கூசா நிக்கோலாஸ் என்னும் கர்தினால் 1450-இல் எழுதிய நூலில், தராசின் ஒரு தட்டில் கம்பளியையும் மறு தட்டில் கற்களையும் வைத்தால், காற்றில் ஈரம் ஏறும்போது கம்பளித் தட்டு தாழும் என்று சொல்லியிருக்கிறார். ஈரத்தை இழையால் அளந்த அவர் நம் ஊருக்கு உறவுக்காரர்தான்! இன்று சில நூறு ரூபாய்க்கு எண்களில் காட்டும் ஈரமானி கிடைக்கிறது.

வறண்ட மாதங்களில், பழைய சோப்புப் பெட்டியில் துளைகள் இட்டு, நனைத்து நன்றாகப் பிழிந்த பனியன் வெட்டுத் துணியை அதில் வைத்து, கிட்டார்ப் பெட்டிக்குள் வைத்து மூடலாம். சொட்டு நீரும் மரத்தில் படக் கூடாது. துணியை வாரம் இருமுறை பார்த்து மாற்ற வேண்டும். மழை மாதங்களில் சோப்புப் பெட்டியை எடுத்துவிட்டு, ஏற்றுமதி அட்டைப்பெட்டிகளில் போடும் சிலிகா ஜெல் பொட்டலங்களை வைக்கலாம்.

வாசித்து முடித்ததும் வியர்வையைத் துடைத்து, பெட்டியில் வைத்து மூடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரையின் கீழும், மேற்கு வெயில் தாக்கும் சுவரோரமும், பரணிலும் வேண்டாம். கீழ்த்தளத்து உள்ளறையே நல்லது. வெயிலில் நிற்கும் மூடிய வேனில் ஒருபோதும் விடாதீர்கள். அந்தச் சூட்டில் பசை இளகி, கம்பிகள் கட்டப்பட்ட மரத்துண்டு பெயர்ந்துவிடும். பனியிலிருந்து அறைக்குள் கொண்டுவந்தால் உடனே பெட்டியைத் திறக்காமல் அரைமணி நேரம் பொறுத்திருங்கள். நீண்ட விடுமுறையில் கம்பிகளைச் சற்றே தளர்த்தி வையுங்கள். வெடிப்பு கண்டால் கைக்குக் கிடைத்த பசையை ஊற்றாமல் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

எங்கள் கிட்டாருக்கு உள்ளே சிறு மரத்துண்டுகள் ஒட்டிச் செப்பனிட்டுத் தந்தார்கள். தழும்பு தெரிகிறது; நாதம் கெடவில்லை. அந்தத் தங்கையிடம் பாடகர் குழு முழுவதும் நின்று மன்னிப்புக் கேட்டோம். அவள் “பரவாயில்லைங்க அக்கா” என்று மட்டும் சொன்னாள். அவள் மனத்தில் தழும்பு இருக்கிறதா என்று நாங்கள் கேட்கவில்லை. இப்போது ஈரமானியைப் பார்த்துக் காலையும் மாலையும் நோட்டில் குறித்து வைப்பவள் அவள்தான். அவளே விரும்பிக் கேட்டு வாங்கிய பொறுப்பு அது.

மரத்தின் தாகத்தை அறிய ஒரு கருவி போதும். ஒருவர்மேல் பழி சொல்லுமுன் நின்று யோசிக்கும் பொறுமையைத் தர இறைவனைத்தான் வேண்டிக்கொள்கிறோம்.