கால்கரிப் பெருவிழாவும் பூர்வ குடிகளும்

கனடா தேசத்துக் கால்கரி நகருக்கு ஜூலை மாதத்தில் செல்வோர் பத்து நாள் நடைபெறும் ‘ஸ்டாம்பீடு’ பெருவிழாவைக் காண்பர். துள்ளும் குதிரைமேல் ஒற்றைக் கையால் கயிறு பற்றி எட்டு விநாடி தரித்திருத்தல் வேண்டும். மறு கை குதிரைமீது பட்டாலும் தோல்வியே.

1912-ல் கை வீடிக் என்பவர் தொடங்கிய முதல் விழாவில், சைக்ளோன் என்ற பொல்லாக் குதிரையை அடக்கி வாகை சூடியவர் யார்? வெள்ளையரல்லர், கைனாய்ப் பூர்வ குடியினரான டாம் த்ரீ பர்சன்ஸ்! இரண்டே ஆண்டில் சர்க்கார் என் செய்தது? மேற்கு மாகாணப் பூர்வ குடிகள் அதிகாரியின் அனுமதியின்றித் தம் மரபுடையில் இத்தகைய காட்சிகளில் தோன்றலாகாதென 1914-ல் சட்டம் இயற்றிற்று. ‘ஸ்டாம்பீடு’ என்ற சொல்லையே அதிற் பொறித்தனர். தாம் பிறந்த மண்ணில் தம் உடை தரிக்கவும் அனுமதிச் சீட்டு!

அவர்கள் கூடாரங்கள் விழாவில் இன்றும் எழுகின்றன. அவ்விடத்திற்கு வழங்கிய ‘இந்தியக் கிராமம்’ என்னும் பெயர் மாறியது 2018-ல்தான்.